மடி மட்டும்

விளக்கு இன்னும் முழுசாக அணையவில்லை, திரையில் ஏதோ ஒரு கார் ஆளில்லாத மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருக்க, அய்யாத்துரை கோட்டைக் கழற்றி மடியில் வைத்தார், பிறகு பக்கத்து இருக்கையில் வைத்தார், பிறகு மறுபடியும் மடிக்கே எடுத்துக்கொண்டார், மடியில் ஏதாவது கனமாக இருந்தால் தேவலை என்று பட்டது. மத்தியான ஆட்டம். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும், ஓரத்தில் காய்கறிப் பையோடு ஒரு பஞ்சாபிப் பெண், அவ்வளவுதான் கூட்டம். செண்பகத்தின் மகள் கயல்விழி படம் எடுத்திருக்கிறாள் என்று ஈஸ்ட் ஹாம் கோயிலில் தேங்காய் உடைத்தவர்கள் ஒருத்தரையும் காணோம், எல்லாரும் முதல் நாளே வந்து கைதட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். செண்பகம் அன்றைக்கும் வரவில்லை. வெள்ளிக்கிழமை போனில், "அண்ணே, நீங்க முதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க, இந்தப் புள்ள என்னத்த எடுத்து வச்சிருக்கோ, எனக்குப் படபடன்னு வருது," என்றாள். "ஒம்மக கூப்பிட்டப்பவே போயிருக்கலாமே" என்றதற்கு, "அத்தன பேருக்கு மத்தியில என்னைய நானே எப்படிண்ணே உக்காந்து பாப்பேன்? என்னை எப்படிக் காட்டியிருக்கான்னு மட்டும் வந்து சொல்லுங்க, அதுக்குப் பொறவுதான் நான் போவேன்." சரி என்று சொல்லிவிட்டார். அவருக்கும் படபடப்பு இருந்தது, அது வேறு மாதிரிப் படபடப்பு, அதைப் போனில் யாரிடமும் சொல்ல முடியாது. கயல்விழி கண் உள்ள பிள்ளை. சின்னதிலேயே எதையும் பேசாமல் மூலையில் நின்று பார்க்கும். அது பார்த்திருந்தால்? வாயால் ஒரு நாளும் சொல்லாததை, தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொள்ளாததை, அந்தப் பிள்ளை பார்த்து வைத்திருந்து, இவ்வளவு பெரிய துணியில் வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டால்? காட்டாமலே விட்டிருந்தால், அந்தக் குடும்பத்தின் கதையில் அய்யாத்துரை என்று ஒருத்தன் இருந்ததாகவே தெரியாமல் போயிருந்தால், அது நல்லதா? நல்லதுதான், என்று சொல்லிக்கொண்டார், கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு, நல்லதுதானே.

இருட்டு வந்தது, கப்பல் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போகும் கப்பல், அதில் கயலின் தாத்தா, தகரப்பெட்டிமேல் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார், பாவம், ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலைக்குப் போகிற மனுசன், பெரிய இடத்துச் சம்பந்தமெல்லாம் அப்புறம் வந்தது, முதல் காட்சியிலேயே பேத்தி அவரை வாந்தி எடுக்க வைத்துவிட்டாள். அய்யாத்துரைக்குச் சிரிப்பு வந்தது, பஞ்சாபிப் பெண் திரும்பிப் பார்த்தாள். ரப்பர் மரங்கள் வரிசையாக நின்றன, மழை பெய்தது, ஒரு பையன் பிறந்தான், அது ஞானமூர்த்தி, கயலின் அப்பா, தாத்தா இருமினார், பையன் வளர்ந்தான், எல்லாம் வேகமாக நடந்தது, பரவாயில்லை, அதெல்லாம் அவர் காணாத காலம். போன வருசம் கயல் அவருடைய அறைக்கு வந்திருந்தாள். டீ போட்டுக் கொடுத்தார், தானே சர்க்கரையைத் தேடி எடுத்துக்கொண்டாள், மாமா மாமா என்று நிறையக் கேட்டாள், எல்லாம் ஞானமூர்த்தியைப் பற்றித்தான். "அப்பா பஸ் ஓட்டும்போது பாடுவாரா மாமா?" "எங்க பாட, பின்னால இருக்கிறவன் இறங்கிருவானே." "அப்பாவுக்குக் கோவம் வந்தா என்ன செய்வாரு?" "குளிப்பாரு." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று உலகமே கேட்டது, இவள் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "மாமா, கையைக் காட்டுங்க," என்றாள். ஜோசியம் பார்க்கப் போகிறாளோ என்று நீட்டினார், போட்டோ எடுத்தாள், உள்ளங்கை, புறங்கை, ரொட்டித் தொழிற்சாலையில் சூட்டுத் தட்டு இழுத்து இழுத்து மணிக்கட்டில் விழுந்த பழைய தழும்புகள். "இத எதுக்குப் புள்ள எடுக்க?" "சும்மா." சும்மா என்றால் அவள் அம்மாவைப்போலவே சொல்கிறாள், இழுத்து, கடைசியில் கதவைச் சாத்துகிற மாதிரி.

இப்போது லண்டன். திரையில் லண்டன் அழகாக இருந்தது, அவர் வந்தபோது இருந்ததைவிட. ஞானமூர்த்தியாக நடிக்கிறவனுக்கு நெற்றி மறைய முடி, ஞானமூர்த்தி இருந்து பார்த்தால் அந்த முடிக்காகவே மூன்று தடவை டிக்கெட் எடுப்பான். செண்பகமாக நடிக்கிறவள் கோவில்பட்டியிலிருந்து புதுப்பெண்ணாக விமானத்தில் வந்து இறங்குகிறாள், கையில் மஞ்சள் பை, காலில் செருப்போடு சாக்ஸ் போட்டிருக்கிறாள், அது சரி, அப்படித்தான் வந்தாள் என்று ஞானமூர்த்தி சொல்லியிருக்கிறான். பிறகு அந்த வீடு. அய்யாத்துரை சற்று முன்னால் சாய்ந்தார். அதே செங்கல், அதே குறுகலான மாடிப்படி, அடுப்படி ஜன்னலுக்குக் கீழே அதே மாதிரி ஒரு குட்டி மேஜை. மாடிப்படி ஏறினால் இடது பக்கத்துச் சின்ன அறை அவருடையது, வாடகைக்கு வந்தவர், பிறகு வாடகை வாங்கவே ஞானமூர்த்திக்குக் கூச்சமாகிவிட்டது. கேமரா மாடிப்படி ஏறியது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். இடது பக்கத்துக் கதவைத் திறந்தால் உள்ளே தையல் மிஷின் இருந்தது. தையல் மிஷின். சரி. அப்படியானால் நான் இல்லை. முழங்கால் வலித்தது, எதிர் இருக்கையில் முட்டாமல் நீட்டிக்கொண்டார், சரிதான், பாரம் இறங்கின மாதிரி இருக்க வேண்டும், பாரம் இறங்கத்தானே வந்தது, பின்னே ஏன் கண் அந்தக் கதவை விட்டு வரவில்லை. அந்த அறையிலிருந்துதான் அவர் தினமும் இரவு வேலைக்குப் போவார், விடிந்து வருவார், குட்டி மேஜைமேல் காப்பித் தம்ளர் இருக்கும், ஆறாமல் இருக்க மேலே ஒரு சாஸரைக் கவிழ்த்து வைத்திருக்கும். அவள் பெரும்பாலும் அங்கே இருக்க மாட்டாள், பிள்ளைக்கு உடுத்திவிட்டுக்கொண்டோ ஞானமூர்த்திக்குச் சோறு கட்டிக்கொண்டோ வேறெங்கோ இருப்பாள். சாஸரைத் தூக்கினால் ஆவி வரும். எவ்வளவு நேரத்துக்கு முன்னால் வைத்தாள் என்று ஆவியைப் பார்த்தே சொல்லிவிடலாம், பஸ் தாமதமாக வந்த நாளிலும் ஆவி வரும், தாமதம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் அந்தக் காலத்தில் யோசித்ததில்லை. யோசிக்கக் கூடாது என்று ஆன பிற்பாடுதான் யோசித்தார்.

வீட்டில் கூட்டம் கூடுகிறது திரையில். வாழைப்பழம், வெற்றிலை, ஒரு தட்டில் குட்டிச் சொக்காய், மணையில் கோலம். காதுகுத்து. அய்யாத்துரை கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்றைக்குச் செண்பகத்தின் கூடப்பிறந்த தம்பி வேலுச்சாமிக்கு விசா கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள், மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது என்று அவள் அழுதாள், ஞானமூர்த்தி மாடிப்படி அடியில் நின்று, "அய்யாத்துரை, கோவில்பட்டிக்காரி அழுதா எனக்குச் சோறு கிடைக்காது, நீரும் அந்தப் பக்கத்து ஆளுதான, நீர் உக்காரும்யா, மாமனா," என்றான். பெருமையாக இருந்தது. அதுதான் உண்மை, அன்றைக்கு அவருக்கு வேறொன்றுமே தோன்றவில்லை, பெருமை மட்டும்தான், இந்த ஊரில் யாரும் இல்லாதவனுக்கு உறவு என்று ஒன்று கிடைக்கிறது, அதுவும் தாய்மாமன், எவ்வளவு பெரிய இடம். சீர்த்தட்டு வாங்கினார், தோடு வாங்கினார், குளிருக்குள் புது வேட்டியைக் கட்டி, அடியில் கம்பளிக் கால்சட்டை போட்டு, மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குஜராத்திப் பத்தர் ஊசியைக் காய்ச்சினான், பிள்ளை வீலென்றது, அந்தச் சத்தத்தோடேயே மடி சூடாக நனைந்தது. சரோஜினி அக்கா, கோயிலில் எல்லாருக்கும் சட்டம் சொல்கிறவள், கையைக் கொட்டிச் சிரித்தாள். "மாமன் மடிய நனைச்சிட்டா, இனி உறவு வெட்டினாலும் விடாது! ஏ செண்பகம், ஒனக்குச் சீமையிலயும் ஒரு அண்ணன் கெடைச்சாச்சு!" எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நனைந்த வேட்டியோடு எழுந்திருக்கக் கூச்சமாக இருந்ததால் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவரவர் பாட்டுக்கு எல்லாரும் யாரையாவது அண்ணே என்று கூப்பிடுகிறார்கள், அவளும் அதற்கு முன்னாலேயே கூப்பிட்டவள்தான், அது வெறும் மரியாதை, தெருவில் காய்கறிக்காரனையும் கூப்பிடுவது. பிள்ளை மடியில் உட்கார்ந்த பிற்பாடு அது அப்படி இல்லை. மணையில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, ரத்தம் சிந்தி ஏற்றுக்கொண்ட உறவு. யார் கட்டாயப்படுத்தியது? ஒருத்தரும் இல்லை. உட்காரும்யா என்றான், உட்கார்ந்தார்.

திரையில் பிள்ளையின் முகம் வந்தது, கண்ணை உருட்டிக்கொண்டு. கேமரா கீழே இறங்கியது. ஒரு மடி. வெள்ளை வேட்டி, சம்மணம் போட்ட கால், வேட்டி ஓரத்தில் கம்பளிக் கால்சட்டையின் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. பிள்ளையின் இடுப்பை வளைத்து இரண்டு கை. மணிக்கட்டில் தழும்பு, வரிசையாக, குறுக்காக, அவருக்கு எங்கே எங்கே இருக்கிறதோ அங்கே அங்கே. முகம் இல்லை. முகத்துக்குக் கேமரா போகவே இல்லை, மார்புக்கு மேலே படச்சட்டம் முடிந்துவிடுகிறது, எல்லாருக்கும் முகம் இருக்கிறது, பத்தருக்கு இருக்கிறது, சரோஜினி அக்காவுக்குக்கூட ஒரு குண்டு முகம் கொடுத்திருக்கிறாள், அவருக்கு மடி மட்டும். அய்யாத்துரை இருட்டில் தன் கைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார், தெரியவில்லை, திரையில் வெளிச்சம் கூடினபோது கொஞ்சம் தெரிந்தது. மறந்துவிடவில்லை. தையல் மிஷினைப் போட்டு மறைத்தவள் மடியை மறைக்கவில்லை. மடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு மடிக்காரன் முகம் எப்படித் தெரியும், அது முன்னால் அல்லவா பார்த்துக்கொண்டிருக்கும். அப்படித்தான் இருக்கும், வேறொன்றும் இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது, என்று நினைத்தார், தொடை இரண்டும் சூடாக இருந்தன, கோட்டுதான், கோட்டின் சூடு.

இனி என்ன வரும் என்று தெரியும், ஞானமூர்த்தி சாவான். திரையில் அவன் பிள்ளைக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தான், செண்பகத்தோடு சண்டை போட்டுக் குளிக்கப் போனான், பஞ்சாபிப் பெண் சிரித்தாள், அய்யாத்துரைக்குச் சிரிப்பு வரவில்லை, எழுந்து போய்விடலாமா, கழிவறைக்கு என்று போய் அப்படியே வெளியே, முழங்கால் வலி என்று செண்பகத்திடம் சொல்லிக்கொள்ளலாம். பஸ் டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் கோப்பையோடு சாய்ந்துவிட்டான். பிள்ளைக்கு ஒன்பது வயது. வேலுச்சாமிக்கு மறுபடியும் விசா இல்லை, பதினாறாம் நாளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும், கூடப்பிறந்தவன் கொண்டுவந்து கொடுக்கிற சேலை, அதை வாங்கி உடுத்தினால்தான் அவள் தாலி போனவள் என்று ஊர் ஒப்புக்கொண்ட மாதிரி. சரோஜினி அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சேலைக்கடையில் நிறுத்தினாள். "நீங்கதான மடி குடுத்தது, கோடியும் நீங்கதான் போடணும், வேற யாரு இருக்கா அவளுக்கு?" வெள்ளையை எடுத்துப் போட்டாள். அவர் வெளிர்பச்சையைத் தொட்டார். "கோடிக்குப் பச்சையா?" "சின்ன வயசுக்கா." "சரி, பொறந்த வீட்டு இஷ்டம்," என்றாள். பொறந்த வீடு! கடைக்காரன் காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். அந்த நாளைப் பற்றி அவருக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் தரைக்கம்பளம்தான், பழுப்பு நிறம், நடுவில் இஸ்திரிப்பெட்டி வைத்துக் கருகின ஒரு முக்கோணம், அதற்கு அந்தப் பக்கம் அவளுடைய கால்விரல்கள். தாம்பாளத்தை நீட்டியபோது அவர் தலையைக் குனிந்திருந்தார். நிமிர்ந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது, தன் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது, செத்தவன் சிநேகிதன், வீடு கொடுத்தவன், சோறு போட்டவன், அவன் படம் மாலையோடு சுவரில் இருக்கிறது, அதற்குக் கீழே நின்றுகொண்டு இவன் மனசுக்குள் இப்படி ஒரு, சீ. தாம்பாளத்தின் கனம் போனது. வாங்கிக்கொண்டாள் என்று தெரிந்தது. எத்தனையோ வருசமாக அந்த இடத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் கம்பளம், முக்கோணம், விரல்கள், தாம்பாளம் கனம் குறைகிறது. முகம் கிடையாது அந்த நாளுக்கு.

திரையில் அறை முழுக்கப் பெண்கள். கேமரா கதவோரத்தில், தாழ்வாக, கொக்கிகளில் தொங்குகிற கோட்டுகளுக்கு நடுவிலிருந்து பார்க்கிறது, ஓ, அங்கேதான் நின்றதா பிள்ளை, கோட்டுகளுக்குள்ளே. தழும்புக் கைகள் தாம்பாளத்தோடு உள்ளே வந்தன. வெளிர்பச்சை. நிறம்கூடத் தப்பவில்லை. அதற்கு அப்பால் அவள் உட்கார்ந்திருந்தாள், நடிகை, அழவில்லை, சேலையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கைகளுக்கு மேலே, சட்டத்துக்கு வெளியே, முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் போகிற பிள்ளையிடம் தலையை ஆட்டுவோமே, வேண்டாம் வேண்டாம் என்று, யாருக்கும் தெரியாத மாதிரிக் கொஞ்சமாக, அப்படித் தலையை ஆட்டினாள். உதடு ஏதோ சொல்லப் பிரிந்தது. கைகள் நிற்கவில்லை, குருட்டுக் கைகள், தாம்பாளத்தை இன்னும் முன்னால் நீட்டின. யார் வேண்டுமானாலும் கொண்டு வரட்டும், நீங்க வேண்டாம், என்றது அந்த முகம். அப்படித்தான் சொன்னது, வேறெப்படியும் அதைப் படிக்க முடியாது, முன்வரிசைக் கிழவிகூட ஒரு பெருமூச்சு விட்டாள், அவளுக்குக் கோடியும் தெரியாது மாமன் மடியும் தெரியாது. பிறகு நடிகை இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கினபோது மாடி அறையில் விளக்கை அணைத்த மாதிரி முகம் அணைந்தது. பிள்ளை கோட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது, திரை கருத்தது.

அதற்குப் பின்னால் படம் நிறைய இருந்தது, பிள்ளை வளர்ந்தாள், காலேஜ் போனாள், ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள், அம்மாவும் மகளும் சத்தம் போட்டார்கள், பினாங்கில் தாத்தா கல்லறை, மழை, எல்லாம் ஓடியது, அவர் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கண் திறந்திருந்தது. அது நடிகையின் முகம். இப்படிப் பாரம்மா என்று கயல் சொல்லியிருப்பாள், அவள் பார்த்திருப்பாள். கதைக்காக இட்டுக்கட்டியது. சினிமா. ஆனால் சேலை நிறம் இட்டுக்கட்டவில்லை. தழும்பை இட்டுக்கட்டவில்லை, கம்பளிக் கால்சட்டையை இட்டுக்கட்டவில்லை, அப்புறம் அதை மட்டும் எதற்கு? அந்தச் சேலையை அவள் ஒருநாளும் கட்டவில்லை. பதினாறாம் நாள் தோளில் போட்டுக்கொண்டதோடு சரி. தீபாவளி, பொங்கல், கயல் பட்டம் வாங்கினது, ஒன்றுக்கும் இல்லை, நிறம் பிடிக்கவில்லை போல என்று நினைத்திருந்தார், பச்சை எடுத்தது தப்பு என்று. கோடி கொடுத்த அடுத்த மாதமே அவர் வேறு அறை பார்த்துக்கொண்டார். சரோஜினி அக்கா தெருவில் நிறுத்திக் கேட்டாள், "அண்ணன் எதுக்கு வீட்ட விட்டுப் போகணும்? அண்ணன்னா தாராளமா இருக்கலாமே, யாரு என்ன சொல்லப் போறா?" அதுதான் அக்கா, அண்ணன் என்றால் இருக்கலாம், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாசலில் பெட்டியோடு நின்றபோது செண்பகம், "சரிண்ணே," என்றாள். இரண்டு எழுத்துச் சரி, மீதி அண்ணே. அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன், அண்ணே சாப்டியளா, அண்ணே மருந்து எடுத்தியளா, அண்ணே பனியில வெளிய போகாதிய. கூடப்பிறந்தவன் தங்கச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், ஒரு தப்பும் இல்லை, அவரால்தான் முடியவில்லை. அந்தப் பெயர் வாயில் வந்தால் அண்ணனுடைய குரலில் வராது என்று தெரியும். சொல்லும்மா, வையிம்மா, சரிம்மா என்றே காலத்தை ஓட்டிவிட்டார். விளக்கு வந்தது. கூட்டிப் பெருக்குகிற பையன் வாளியோடு நின்று அவரையே பார்த்தான், எழுந்தார், கால் மரத்துப் போயிருந்தது, கோட்டை மடியிலிருந்து எடுத்தபோது அந்த இடம் குளிர்ந்தது.

வெளியே இன்னும் வெயில் இருந்தது, இந்த ஊரில் எப்போதாவது வருகிற வேண்டாத நேரத்து வெயில். பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. அவர் உட்காருவதற்குள் போன் அடித்தது, அவள்தான், படம் முடிகிற நேரத்தைக் கேட்டு வைத்திருக்கிறாள், பஸ் தாமதமானால் காப்பிக்கு ஆவி வரச் செய்கிறவள் அல்லவா. "என்னண்ணே, முடிஞ்சிதா? நல்லா இருக்கா?" "ஞானமூர்த்திக்கு அம்புட்டு முடி வச்சிருக்கா ஒம்மக." அவள் சிரித்தாள். "அய்யோ, அவுக இருந்து பாத்திருக்கணும். எங்க மாமனாரு?" "கப்பல்ல வாந்தி எடுக்காரு." "அடிப்பாவி, அதையுமா!" குழாயைத் திறந்துவிட்டு ஏதோ கழுவிக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "நீங்க வாரியளா அண்ணே அதுல?" "மடி வருது. கை வருது." "முகம்?" "இல்ல." ஏதோ பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது. "நான்?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "என்னை எப்படிண்ணே காட்டியிருக்கா?" படத்துக்கு வந்ததே அதைச் சொல்லத்தான். நல்லாக் காட்டியிருக்கா, தைரியமா வா, என்று சொல்லிவிடலாம். சாக்ஸோடு செருப்புப் போட்டுக்கொண்டு இறங்கினதைச் சொல்லலாம், சிரிப்பாள். ஒரு பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது, ஓட்டுநர் அவரைப் பார்த்துக் காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அய்யாத்துரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னுட்டேன், செண்பகம்."

குழாய் நின்றது. என்னைக்கு என்று அவள் கேட்கவில்லை.